பழங்காலப் பாணி உள்பாவாடைக்கு வீட்டிலேயே கஞ்சி: கெட்டியாகக் காய்ச்சினால் மட்டும் போதாது

பள்ளி ஆண்டு விழா நாடகம், குறும்படம், ஃபேஷன் டிசைன் மாணவர்களின் ப்ராஜெக்ட் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக 1840களின் ஐரோப்பிய கவுன் தைப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். படத்தில் இருப்பதுபோலத் தைத்தாயிற்று. உடுத்தினால் பாவாடை விரிந்து நிற்காமல் காலோடு ஒட்டித் தொங்குகிறது. உடனே ஒரு நைலான் கேன்கேன் வாங்கி உள்ளே கொடுத்துவிடுகிறார்கள். லெஹங்காவுக்கு அது பொருந்தும். இந்தக் கவுனுக்கு வேண்டியதோ மணி வடிவம். இடுப்பில் மெல்ல எழுந்து, கீழே போகப் போக அகன்று, நடக்கும்போது கனமாக அசைய வேண்டும். அதைக் கொடுத்தவை கஞ்சி போட்ட பருத்தி உள்பாவாடைகள்.

எஃகு வளையங்களால் ஆன கூண்டு கிரினோலினுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது 1856இல். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் பாவாடையின் சுற்றளவு கூடிக்கொண்டே போனது. அதைத் தாங்கியவை அடுக்குகள்தான்: குதிரை முடி கலந்து நெய்த துணியில் ஒன்று, அல்லது வரிவரியாகக் கயிறு வைத்துத் தைத்த ஒன்று, அதன்மேல் கஞ்சி போட்ட வெள்ளைப் பாவாடைகள் இரண்டு மூன்று. குளிர் நாட்டிலேயே இந்தப் பாரம் தொல்லைதான். எஃகு வளையம் வந்ததும் உள்பாவாடைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துபோனதில் வியப்பில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரே பாவாடையை எவ்வளவு விறைப்பாக்கினாலும் மேல் கவுனின் எடை அதை அழுத்திவிடும். கஞ்சியை மேலும் மேலும் கெட்டியாக்குவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு. கயிறும் ‘டக்’ மடிப்பும் (துணியைக் குறுக்காகச் சிறு மடிப்பாக மடித்துத் தைப்பது) சரியாக இருந்தால் நடுத்தரக் கஞ்சியே நிற்கும். இல்லையென்றால் கூழ் மாதிரி ஊற்றினாலும் உதிருமே தவிர நிற்காது.

துணி நூறு சதவீதம் பருத்தியாகவோ லினனாகவோ இருக்கட்டும். மாவுப் பசை இழைக்குள் இறங்கிப் பிடிக்க அதுதான் வேண்டும். பாலியஸ்டர் கஞ்சியை வாங்காது; மேலே படிந்து, காய்ந்ததும் செதில் செதிலாகக் கொட்டும். பாலி காட்டனில் பாதிப் பலன்தான். நைலான் வலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேம்ப்ரிக் அல்லது அடர்த்தியான மல் நல்ல தேர்வு. கயிறு வைத்த பாவாடைக்கு 3–4 மில்லிமீட்டர் பருத்திப் பைப்பிங் கயிறு வாங்குங்கள். தைப்பதற்கு முன்னாலேயே அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துக் காயவைத்துவிட வேண்டும். தைத்த பிறகு கயிறு சுருங்கினால் துணி முழுக்க அலை அலையாக இழுத்துக்கொள்ளும். எந்த இஸ்திரிப் பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கீழ் விளிம்பில் பத்துப் பன்னிரண்டு வரிகளை நெருக்கமாக வைத்து, முழங்கால் உயரம் வரை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். இடுப்புக்கு இரும்புக் கொக்கி வேண்டாம், துருக் கறை படியும். பருத்தி நாடாவோ பொத்தானோ போதும்.

புதுத் துணிக்கு நேராகக் கஞ்சி போடக் கூடாது. நெய்யும்போது பாவு நூலுக்குப் போட்ட பசை காடாத் துணியில் அப்படியே இருக்கும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு இரவு ஊறவைத்து, நன்றாக அலசி, காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும். கம்ஃபர்ட் மாதிரியான மென்மையூட்டிகளையும் இந்தத் துணிக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை இழைமேல் வழவழப்பான படலமாக உட்கார்ந்து கஞ்சியைப் பிடிக்க விடாது.

எந்த மாவு? கடையில் கார்ன் ஃப்ளோர் என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளை மாவு வாங்குங்கள். மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. அதில் நாரும் எண்ணெயும் உண்டு. மாவுச்சத்தில் விறைப்பைத் தருவது அமைலோஸ் என்ற பகுதி. கார்ன் ஃப்ளோரில் அது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி மாவில் அதைவிடக் குறைவு. அதனால்தான் ஜவ்வரிசிக் கஞ்சி கண்ணாடி மாதிரி தெளிவாக, வளைந்து கொடுப்பதாக இருக்கிறது. சேலைக்கு அது அருமை. காற்றில் ஈரம் ஏறினால் பிசுக்குத் தட்டுவதால் உள்பாவாடைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அரிசி மாவுச்சத்தின் துகள் மிக நுண்ணியது, பளபளப்பும் உயர்வு; விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சலவைக்கு அதற்குத் தனி மதிப்பு இருந்தது. ஆனால் வடிகஞ்சி வேறு விஷயம். இன்றைய அரிசியில் எவ்வளவு மாவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது, பருக்கைத் துணுக்கும் ஒட்டும். மைதா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பசையம் இஸ்திரியில் பழுப்பேறும், சீக்கிரம் புளிக்கும், பூச்சியையும் அழைக்கும்.

இனி அளவு. சுற்றளவு 3 மீட்டர், நீளம் 95 சென்டிமீட்டர் உள்ள கயிறு வைத்த பாவாடைக்கு 2 லிட்டர் கஞ்சி வேண்டும். லிட்டருக்கு 40 கிராம் மாவு, அதாவது தலைதட்டி ஐந்து மேஜைக்கரண்டி. மொத்தம் 80 கிராம். கயிறு இல்லாத மேல் பாவாடைக்கு லிட்டருக்கு 25 கிராமே போதும். லிட்டருக்கு 60 கிராமைத் தாண்டினால் ஆறும்போதே கஸ்டர்டாக உறைந்து துணிக்குள் இறங்காது. இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் 40 கிராம் கஞ்சியில் ஒரு முறை நனைத்து, முழுக்கக் காயவைத்து, மறுபடியும் ஒரு முறை நனையுங்கள். ஒரே முறையில் கெட்டியாகப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாவை முதலில் 300 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மீதி 1.7 லிட்டர் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் கிளறிக்கொண்டே மெல்லிய தாரையாக ஊற்றவும். கார்ன் ஃப்ளோர் துகள் 62 முதல் 72 டிகிரிக்குள் உப்பிக் கெட்டியாகும். கெட்டியானதுமே வெந்துவிட்டது என்று இறக்குவதுதான் அடுத்த தவறு. பால் வெள்ளை மங்கி, கரண்டியின் பின்புறம் லேசாகக் கண்ணாடித் தன்மை தெரியும்வரை இன்னும் நாலைந்து நிமிடம் சிறுதீயில் இருக்கட்டும். அரைவேக்காட்டுக் கஞ்சிதான் பின்னால் வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். இறக்குவதற்கு முன் வெள்ளை மெழுகுவர்த்தியைச் சுரண்டி அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்கினால் இஸ்திரிப் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் காலத்துச் சலவையிலும் மெழுகு சேர்ப்பது வழக்கம்தான். முழுக்கக் கரையும்வரை கலக்காவிட்டால் எண்ணெய்ப் புள்ளி விழும். உப்புப் போடும் பழக்கமும் இருந்தது. கடலோர ஊர்களில் அதைத் தவிர்ப்பது நல்லது, ஈரத்தை இழுக்கும். வெண்மைக்குச் சொட்டு நீலம் சேர்ப்பதானால் தனியாகத் தண்ணீரில் கரைத்து, கஞ்சியில் இரண்டு மூன்று சொட்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் கஞ்சி தோலில் பட்டால் வெந்நீர் மாதிரி வழிந்தோடாது, ஒட்டிக்கொண்டே சுடும். குழந்தைகளை அடுப்படியிலிருந்து விலக்கி வையுங்கள். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைதான்.

பாவாடையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வைத்திருங்கள். உலர்ந்த துணியைப் போட்டால் முதலில் தொடும் இடம் எல்லாக் கஞ்சியையும் குடித்துவிடும். கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டியைக் கையில் பிடித்தபடி கீழ் மூன்றில் இரண்டு பாகத்தை மட்டும் முக்கவும். இடுப்புச் சுருக்கில் கஞ்சி ஏறினால் அது இடுப்பை அறுக்கும், மடியும் இடத்தில் நூலும் முறியும். கயிறு உள்ள இடத்தை விரல்களால் அழுத்தி அழுத்தி விடுங்கள். மேல் துணி உடனே நனைந்துவிடும், உள்ளே இருக்கும் கயிறு நிதானமாகத்தான் குடிக்கும். பத்து நிமிடம் ஊறட்டும். முறுக்கிப் பிழியாமல் கையால் வழித்தெடுத்து, வெளியே திரண்டு நிற்கும் கஞ்சியை ஈரத் துணியால் துடைத்துவிடவும்.

காயவைப்பதில்தான் வடிவமே உருவாகிறது. கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் மடிப்புக் கோடு அப்படியே நிற்கும். வட்ட வடிவக் கிளிப் ஹேங்கரில் இடுப்புப் பட்டியைச் சுற்றிலும் மாட்டித் தொங்கவிடலாம். இன்னொரு நல்ல வழி, பழைய பெரிய குடையை விரித்துத் தொங்கவிட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, அதன்மேல் பாவாடையைப் படரவிடுவது. தாள் கட்டாயம், கறுப்புக் குடை ஈரத்தில் சாயம் விடும். வெயில் நல்லது. ஆனால் முதல் ஒரு மணி நேரம் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிவிடுங்கள். வேகமாகக் காயும் பக்கத்துக்குக் கஞ்சி நகர்ந்து போகும். ஒரு பக்கம் அட்டை, மறுபக்கம் துவண்ட துணி என்று ஆகும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கயிறு காய ஒன்றரை நாள்கூட எடுக்கும், அதற்குள் புளித்த வாடை வந்துவிடும். அந்த மாதங்களில் மின்விசிறிக்கு அடியில் காயவைக்கும் வசதி இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

முழுக்கக் காய்ந்த பாவாடை முறுக்கிக்கொண்டு அசிங்கமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லத் தெளித்து, துண்டுக்குள் சுருட்டி, ஒரு மணி நேரம் வைத்தால் ஈரம் சீராகப் பரவும். நம் ஊர் வெயில் காலத்தில் இரவு முழுக்க வைத்துவிடாதீர்கள், புளிக்கும். இஸ்திரிப் பெட்டியை காட்டன் அளவுக்கு ஒரு படி கீழே வையுங்கள். உச்ச சூட்டில் மாவு பழுப்பேறிவிடும். ஃப்ரில் முதலில், அடுத்து கயிறுகளுக்கு இடையே பெட்டியின் நுனியால், கடைசியில் சமமான துணி. கயிற்றின்மேல் அழுத்தித் தட்டையாக்காதீர்கள். ஓர் இடத்தைத் தொட்டால் அது முழுக்கக் காயும்வரை அங்கேயே முடியுங்கள். லேசான ஈரத்தோடு விட்டுவிட்டுப் போன இடம்தான் மறுநாள் சுருங்கித் துவண்டிருக்கும். விறைப்பில் பாதி கஞ்சியிலிருந்து வந்தால் மீதிப் பாதி இந்தப் பொறுமையிலிருந்து வருகிறது.

பெட்டி ஒட்டிக்கொள்கிறதா? பெரும்பாலும் துணி அளவுக்கு மீறி ஈரமாக இருக்கிறது, அல்லது பெட்டியின் அடியில் பழைய கஞ்சி கருகியிருக்கிறது. மின்சாரத்தை எடுத்து, ஆறவைத்து, ஈரத்துணியால் துடையுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சி வேகவில்லை, அல்லது திரண்டதைத் துடைக்கவில்லை. உட்கார்ந்து எழுந்த இடத்தில் உடைந்த கோடு விழுந்தால் தண்ணீர் தெளித்து ஒரு முறை இஸ்திரி போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது முறை பலன் குறைவு, துவைத்துப் புதிதாகப் போடுவதே நல்லது. முழுப் பாவாடைக்கும் போடுமுன் அதே துணியில் ஒரு சாண் சதுரத் துண்டை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு, ஒரு விளிம்பைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிப் பாருங்கள். தலை தொங்காமல் நின்றால் அளவு சரி.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கஞ்சி போட்ட பருத்தி அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதால் நடுவில் காற்று நிறைந்திருக்கிறது. ஒரு பொறி பட்டால் கீழிருந்து மேலே சில நொடிகளில் ஏறிவிடும். 1862 நவம்பரில் பாரிஸ் ஓப்பராவின் ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்ற இளம் பாலே கலைஞரின் பாவாடை கேஸ் விளக்கில் பற்றியது. எட்டு மாதம் துடித்து 1863 ஜூலையில் இறந்தார். தீத்தடுப்பு உப்பில் நனைத்த பாவாடை அப்போதே இருந்தது; துணி விறைத்து மங்கிவிடுகிறது என்று அவர் அதை மறுத்திருந்தார். இன்று நம் பள்ளி மேடைகளில் குத்துவிளக்கும் மெழுகுவர்த்தியும் சகஜம். இந்த உடை அணிந்தவர்கள் விளக்கேற்றும் காட்சியே இருக்கக் கூடாது. பேட்டரி மெழுகுவர்த்தி போதும். மேடையோரம் தண்ணீர் வாளியும் கனமான பருத்திப் போர்வையும், பார்த்துக்கொள்ள ஒருவரும் இருக்கட்டும். வெண்காரம், அம்மோனியம் உப்பு என்று வீடியோ பார்த்து வீட்டில் கலந்து “தீப்பிடிக்காத பாவாடை” செய்ய முயல வேண்டாம். அளவு தப்பினால் பயன் இல்லை, துவைத்தால் போய்விடும், பயன் இல்லாத காப்பை நம்பிக் குழந்தையை விளக்கருகில் விடுவது அதைவிட ஆபத்து.

பாட்டி காலத்து உண்மையான பழைய லேஸோ பாவாடையோ கையில் இருந்தால் அதற்குக் கஞ்சி போடாதீர்கள். நொய்ந்த இழை, விறைத்தபின் மடியும் இடத்திலெல்லாம் முறியும். புதிதாகத் தைத்ததையும் கஞ்சியோடு எடுத்து வைக்கக் கூடாது. வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாவு விருந்து. அதைத் தின்னும்போது துணியையும் சேர்த்துத் தின்னும். நிகழ்ச்சி முடிந்ததும் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, என்சைம் உள்ள சோப்புத்தூளில் துவைத்து, வழவழப்புப் போகும்வரை அலசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும். மிஞ்சிய கஞ்சியைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். மெழுகு சேர்த்ததாக இருந்தால் உறையவிட்டுக் குப்பையில் போடுங்கள்.