ஒன்பதே காலுக்கா உயிர் போனது?

பிணத்தின் உள்வெப்பம் 34 டிகிரி செல்சியஸ். உயிர் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உயிரோடு இருந்தபோது 37 டிகிரி என்று வைத்துக்கொண்டு, மணிக்கு அரை டிகிரி குறைந்ததென்றால் 6 மணி நேரம். வீதம் 0.4 என்றால் ஏழரை மணி நேரம்; 0.7 என்றால் ஏறக்குறைய நாலே கால். இறக்கும்போது 39 டிகிரி காய்ச்சல் இருந்திருந்தால், அதே அரை டிகிரி வீதத்தில் 10 மணி நேரம். அளவு ஒன்றுதான், விடை நான்கு. துப்பறியும் கதையில் மருத்துவர் கையைத் தொட்டுப் பார்த்து "இரவு ஒன்பதே காலுக்கு" என்று சொல்வது நடக்காத காரியம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். போஸ்ட்மார்ட்டம் செய்பவர் ஒரு கால வரம்பைத்தான் தர முடியும்.

வீட்டுக் காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. 35 டிகிரிக்குக் கீழே அது சரியாகக் காட்டாது. 0 முதல் 50 வரை காட்டும் நீளமான வெப்பமானியை ஆசனவாய் வழியாக 8 முதல் 10 செ.மீ. உள்ளே செலுத்துவார்கள். பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்றால் தடய மாதிரிகளை எடுத்த பிறகே இது. சுற்றுப்புற வெப்பத்தையும் குறித்தாக வேண்டும். ஒல்லியான உடலும் ஈரத் துணியும் மின்விசிறிக் காற்றும் குளிர்வதை முடுக்கும். கொழுப்பும் கம்பளியும் தாமதிக்கும். மே மாத வேலூரில் வீட்டுக்குள் 40 டிகிரி அடித்தால் பிணம் குளிரவே குளிராது, சூடுதான் ஏறும். குளிர்நாட்டுக் கதைகளின் விதியை அப்படியே இங்கே எடுத்துவந்தால் கதை இந்த இடத்தில்தான் தடுக்கி விழும்.

அடுத்தது விறைப்பு. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, பிடியைத் தளர்த்துவதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்தபின் அது தீர்ந்துபோக, ஆக்டின், மயோசின் என்ற தசைப் புரத இழைகள் கோத்தபடியே நின்றுவிடுகின்றன. ஓரிரு மணி நேரத்தில் கண்ணிமை, தாடை, கழுத்தில் தெரியத் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். புரதங்கள் சிதையச் சிதையத் தளரும். வெயில் காலத்தில் சீக்கிரமே. ஓடிப் போராடிச் செத்தவர் உடலில் ஏடிபி முன்பே செலவாகியிருப்பதால் விறைப்பு முந்திக்கொள்ளும்.

கதை எழுதுவோருக்கு நேரத்தைவிட அதிகம் கைகொடுப்பது, பிணத்தை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் தடயம்தான். இதயம் நின்றதும் ரத்தம் தாழ்ந்த பகுதிகளுக்கு இறங்கி, தோலில் கருநீலத் திட்டுகளாகத் தெரியும். தரையில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளுத்திருக்கும். 6 முதல் 12 மணி நேரத்தில் திட்டு நிலைத்துவிடும். பிறகு விரலால் அழுத்தினாலும் மறையாது. குப்புறக் கிடக்கும் பிணத்துக்கு முதுகில் திட்டு இருந்தால், நெடுநேரம் மல்லாந்து கிடந்த பிறகு யாரோ புரட்டியிருக்கிறார்கள். திட்டு செக்கச்செவேல் என்றிருந்தால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்க வேண்டும். கடுங்குளிரில் கிடந்த உடலிலும் அந்த நிறம் வரும் என்பதால் ரத்தத்தைச் சோதித்தே உறுதிசெய்வார்கள்.

முழுதாக விறைத்த கையை வலிந்து மடக்கினால், அந்த மூட்டில் விறைப்பு திரும்ப வராது. இன்னொன்று அரிதானது: கடும் பதற்றத்தில் சாகும்போது, கையில் இருப்பதை விரல்கள் அந்தக் கணமே இறுகப் பற்றிக்கொள்வது. கொலையைத் தற்கொலையாகக் காட்ட, செத்தவர் கையில் துப்பாக்கியைத் திணிக்கும் கொலையாளியால் அந்த இறுக்கத்தை மட்டும் உண்டாக்க முடியாது.