'நோய் வராத ரகம்' என்று சொல்லிக் கொடுத்த கோதுமை

கோதுமைத் துருநோயோடு பணிபுரியும் எனக்கு விவசாயிகளிடமிருந்து அதிகம் வரும் கேள்வி, "நோயே வராத ரகம் என்றுதானே விதை கொடுத்தார்கள்?" என்பதுதான். ஒரு ஜனவரி மாதக் காலையில், பஞ்சாபில் ரோப்பர் பகுதியின் மலையடிவார வயலொன்றில் நின்று ஒரு முதியவர் இதையே கேட்டார். பயிருக்குள் சிறிது தூரம் நடந்து திரும்புவதற்குள் என் கால்சட்டை முழங்கால்வரை மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் துருவை உண்டாக்கும் பூஞ்சாணத்தின் வித்துத்தூள் அது. விதை விற்றவர் பொய் சொல்லவில்லை. அந்த ரகம் வெளிவந்தபோது அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. இடையில் மாறியது கோதுமை அல்ல, பூஞ்சாணம்.

துருப்பூஞ்சாணம் உயிருள்ள செல்களில் மட்டுமே வாழக்கூடியது. இலைக்குள் நுழைந்ததும் அது செலுத்தும் புரதங்களில் ஒன்றைக் கோதுமையின் எதிர்ப்பு மரபணு அடையாளம் கண்டுகொண்டால், அந்த இடத்துச் செல்கள் தாமாகவே மடிந்து பூஞ்சாணத்தைப் பட்டினி போடுகின்றன. பசுமைக்குடிலில், வித்துத்தூள் தெளித்த நாற்றுகளின் இலைகளை இரண்டு வாரம் கழித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: எதிர்ப்புள்ள இலையில் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகள்; பக்கத்து நாற்றில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்த துருக்கொப்புளங்கள். பூஞ்சாணத்தில் அந்த ஒரு புரதம் மாறிவிட்டால் போதும், அடுத்த பருவத்தில் இரண்டு நாற்றுக்கும் வேறுபாடு இராது. பூஞ்சாணத்துக்கும் பயிருக்கும் மரபணுவுக்கு மரபணு உள்ள இந்தத் தொடர்பை 1940-களில் ஆளி விதைப் பயிரின் துருநோயில் ஃப்ளோர் என்ற அமெரிக்க அறிஞர் கண்டறிந்தார்.

வட இந்தியாவில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட பிபிடபிள்யூ 343 என்ற ரகம் இப்படித்தான் மஞ்சள் துருவிடம் வீழ்ந்தது. 1998-ல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யூஜி99 என்ற, தண்டைத் தாக்கும் கருந்துருவின் இனமோ, கோதுமையின் உறவுப் பயிரான ரை தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்து உலகெங்கும் நம்பப்பட்ட எஸ்ஆர்31 மரபணுவையே முறியடித்தது. பரந்த நிலப்பரப்பை ஒரே மரபணுவின் காவலில் விடுவது, அதை முறியடிக்கும் பூஞ்சாண இனத்துக்கு நாமே விருந்து வைப்பதாகும்.

இந்த வித்துகள் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் ஆராய்ந்து சொன்னவர் ஆக்ரா கல்லூரியின் கே. சி. மேத்தா. சமவெளியின் கோடை வெப்பத்தில் இவை அழிந்துபோகின்றன என்றும், வடக்கே இமயமலையிலும் தெற்கே நீலகிரி, பழநி மலைகளிலும் பயிர்களில் தங்கிப் பிழைத்து மறுபடி கீழே வருகின்றன என்றும் அவர் நிறுவினார். வங்கக்கடலில் நவம்பரில் உருவாகும் புயல்கள் நீலகிரியின் கருந்துரு வித்துகளை மத்திய இந்தியா வரை கொண்டு சேர்ப்பதை 1970-களில் எஸ். நாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் விளக்கினர். கோதுமைக்குப் பெயர்பெறாத தமிழ்நாட்டில், வெலிங்டனில், கோதுமை ஆராய்ச்சி நிலையம் அமைந்ததன் பொருத்தம் இங்கே இருக்கிறது. மஞ்சள், கருப்பு, பழுப்பு என்ற மூன்று வகைத் துருவும் இயற்கையாகவே தாக்கும் அந்தக் குளிர்மலையில் ஆண்டுக்கு இருமுறை பயிரிட்டு, எந்தச் செடி தாங்குகிறது என்று பார்க்கலாம். சப்பாத்திக்குப் பெயர்போன பழைய சி 306 ரகத்தோடு, காட்டுப்புல் உறவிலிருந்து வந்த எஸ்ஆர்24, எல்ஆர்24 மரபணுக்களைப் பலமுறை பின்கலப்பு செய்து (அதாவது, திரும்பத் திரும்ப அதே சி 306-உடன் கலந்து) சேர்த்த எச்டபிள்யூ 2004 ரகம் அங்கே பிறந்ததுதான்.

என்னைக் கேட்டால், முழுமையாகத் தடுக்கும் மரபணுக்களைவிட, நோயை மெதுவாக்கும் மரபணுக்களையே அதிகம் நம்புவேன். எல்ஆர்34 என்ற அத்தகைய மரபணு உள்ள செடியிலும் கொப்புளம் வரும். ஆனால் சிறியதாகவும், தாமதமாகவும், குறைவாகவும் வரும். நம் சம்பா கோதுமையின் இனத்தைச் சேர்ந்த எம்மர் கோதுமையிலிருந்து ரொட்டிக் கோதுமைக்கு வந்த எஸ்ஆர்2-ம் அப்படியே. பல பத்தாண்டுகள் கடந்தும் இவை கைவிடவில்லை. வயலில் நான்கு கொப்புளங்களைக் கண்டதும் "ரகம் சரியில்லை" என்று ஒதுக்கிவிடும் வழக்கத்தால், இத்தகைய நல்ல ரகங்களையும் நாம் இழந்திருக்கிறோம்.

எனவே, நிலம் முழுவதும் ஒரே ரகத்தை விதைக்காமல், வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட இரண்டு மூன்று ரகங்களாகப் பிரித்து விதையுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறையாவது வயலுக்குள் இறங்கிப் பாருங்கள். மஞ்சள் துரு பெரும்பாலும் ஒரு சிறு திட்டாகத்தான் தொடங்கும். சத்துக் குறைவாலும் இலை மஞ்சளாகும் என்பதால் விரலால் தேய்த்துப் பாருங்கள்: தூள் ஒட்டினால் துரு, ஒட்டாவிட்டால் வேறு காரணம். துருதான் என்று உறுதியானால், லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி என்ற அளவில் புரோபிகோனசோல் 25 ஈசி கலந்து உடனே தெளியுங்கள். மருந்து தெளிக்கும் முன் அந்த இலைகளில் சிலவற்றைப் பறித்து, பாலித்தீன் பையில் அல்லாமல் காகித உறையில் இட்டு, ரகத்தின் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். சிம்லாவில் மேத்தா 1930-ல் தொடங்கிய ஆய்வுக்கூடம் இன்றும் இப்படி வரும் இலைகளிலிருந்துதான், எந்த வட்டாரத்தில் எந்தப் பூஞ்சாண இனம் புதிதாகத் தலையெடுத்திருக்கிறது என்பதைக் கண்டு சொல்கிறது.