மலையில் பிறந்தவர்களுக்கும் மலை நோய் வரும்

"நாங்க மலையிலயே பிறந்து வளர்ந்தவங்க டாக்டரம்மா, எங்களுக்கு அதெல்லாம் வராது." உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோயைப் பற்றி எச்சரித்தால் இந்தப் பதில்தான். மூணாறில் வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக இதைச் சொன்ன தம்பி, பெரு நாட்டில் மலையேறப் போய், நடக்க முடியாமல் கோவேறு கழுதை மேல் உட்கார வைத்துக் கீழே இறக்கப்பட்டவர். அந்த அனுபவத்துக்குப் பிறகும் இதையே சொல்கிறார். அடுத்து லடாக் போக வேண்டும், உடல்தகுதிச் சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்று வந்திருந்தார். நான் போடவில்லை.

எஸ்டேட் லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று கொச்சியிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். கொழுக்குமலை, மீசைப்புலிமலை என்று ஏறியவர்கள் இப்போது பெருவின் மச்சு பிச்சு வரை போகிறார்கள். இன்கா மன்னர்கள் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் நகரத்தை, அவர்கள் போட்ட பாதையிலேயே நான்கு நாள் நடந்து போய்ப் பார்ப்பது பெரிய பேறு. போக வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. தயாரிப்பு இல்லாமல் போகிறார்களே என்பதுதான் என் கோபம்.

தப்புக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்றால், மச்சு பிச்சுவின் உயரத்தைப் போனில் தேடிப் பார்க்கிறார்கள். 2,430 மீட்டர் என்று வருகிறது. நம் ஆனைமுடி 2,695. "அட, ஆனைமுடியை விடக் கம்மிதானே!" அங்கேயே பயம் போய்விடுகிறது. ஆனால் பாதை அந்த உயரத்திலா போகிறது? விமானம் இறங்கும் குஸ்கோ நகரமே சுமார் 3,400 மீட்டர். இன்கா பாதையின் உச்சிக் கணவாய் 4,215 மீட்டர். இன்னொரு வழியான சல்கந்தாய்க் கணவாய் 4,600க்கும் மேலே. ஏறி இறங்கித்தான் அந்த இடிபாடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேரும் இடத்தின் உயரத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள், நடுவில் எவ்வளவு உயரம் தாண்டுகிறீர்கள், அதுதான் கணக்கு.

சரி, மலைக்காரர் என்ற பெருமைக்கு வருவோம். மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டர். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஆறில் ஐந்து பங்கு இங்கேயும் கிடைக்கிறது. நம் ரத்தத்துக்கு அது கிட்டத்தட்டப் போதும். குஸ்கோவில் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு. 4,200 மீட்டரில் ஐந்தில் மூன்று பங்குதான். மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அந்த உயரத்தில் நம்மில் யாரும் குடியிருக்கவில்லை. இங்கேயே நிரந்தரமாக இருப்பவருக்குக் கடற்கரைக்காரரை விடச் சின்ன அனுகூலம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பி ஆறு வருடமாகக் கொச்சியில் இருக்கிறார்! உயரத்துக்குப் பழகிய உடம்பு கீழே இறங்கிச் சில வாரங்களில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்து போனால் அது திரும்பி வராது.

"ரத்தத்துலயே இருக்கு டாக்டர்" என்பார்கள். பெருவின் மலைகளில் மூட்டை சுமக்கும் கெச்சுவா மக்களின் முன்னோர்கள் பல ஆயிரம் வருடங்களாக அந்த உயரத்தில் வாழ்ந்தவர்கள். நம் தாத்தா பாட்டிமார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க மலையேறி வந்து நான்கைந்து தலைமுறைதான் ஆகிறது.

ஜிம் போகிறேன், மாரத்தான் ஓடுகிறேன் என்பதும் இதே வகைதான். உடற்பயிற்சி காலுக்கும் மூச்சுக்கும் நல்லது, செய்யுங்கள். மலை நோயை அது தடுக்காது. திடகாத்திரமான பையன்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

அந்தத் தம்பிக்கு நடந்ததைப் பாருங்கள். கடல்மட்டத்தில் இருக்கும் லீமாவிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம், நேராக குஸ்கோ. அன்று ராத்திரியே தலைவலி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மறுநாள் விடியற்காலை நடையைத் தொடங்கிவிட்டார். அடுத்த ராத்திரி 3,900 மீட்டர் உயரத்தில் கூடாரம். வாந்தி, தூக்கமில்லை. காலையில் கணவாயை நோக்கி ஏறும்போது கால் பின்னி, நண்பர்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்லியிருக்கிறார். அது மூளை வீக்கத்தின் தொடக்கம். வழிகாட்டி உடனே புரிந்துகொண்டு இறக்கியதால் பிழைத்தார். இன்னொரு தப்பும் நடக்கிறது. இன்கா பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, சுமைகாரர்களையும் சேர்த்து. அது கிடைக்காதவர்கள் அனுமதிச் சீட்டு தேவையில்லாத சல்கந்தாய்க்கு மாறுகிறார்கள். அது இன்னும் உயரமான வழி என்பதை யாரும் யோசிப்பதில்லை. அப்புறம், இவ்வளவு பணம் கட்டிவிட்டோமே என்று தலைவலியை மறைப்பது. தயவுசெய்து மறைக்காதீர்கள், கண்ணுகளா. வழிகாட்டியிடம் சொன்னால் அவமானம் ஒன்றும் இல்லை.

குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், காரில் 2,800 மீட்டர் அளவில் இருக்கும் ஒயந்தாய்தம்போ பக்கம் இறங்கி இரண்டு ராத்திரி தூங்குங்கள். பிறகு குஸ்கோவில் ஓரிரு நாள். அப்புறம் நடை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும். முதல் இரண்டு நாள் மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி வந்தால் அதே உயரத்தில் நில்லுங்கள். மாத்திரை போட்டு வலி குறையலாம், ஆனால் குணமாகும் வரை மேலே ஒரு அடி வைக்கக் கூடாது. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்க முடியவில்லையா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் துணையோடு கீழே இறங்குங்கள்.

மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மரத்தது போல் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாகவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடவே கூடாது. வயநாடு, அட்டப்பாடிப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளையும் பரம்பரைக் குறைபாடு) சோதனை செய்துகொள்ளாமல் இந்தப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். அந்தத் தன்மை பாதியளவு மட்டும் இருப்பவருக்குக்கூட அவ்வளவு உயரத்தில் மண்ணீரல் பாதிக்கப்படலாம்.

கோக்கா இலைத் (கொக்கெய்ன் எடுக்கும் செடியின் இலை) தேநீரைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே ஓட்டலில் கொடுப்பார்கள், ஆனால் அது மலை நோயைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வீட்டுக்கு அன்பளிப்பு என்று அந்தத் தேநீர்ப் பைகளை இங்கே கொண்டு வராதீர்கள். நம் நாட்டில் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் வருகிறது, வழக்காகிவிடும். பெருவிலிருந்து திரும்புபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். டிக்கெட் எடுத்த கையோடு ஊசியையும் போட்டுவிடுங்கள்.

சான்றிதழுக்கு என்னிடம் வருபவர்கள் பயணத் திட்டத்தை எடுத்து வாருங்கள். ஒவ்வொரு ராத்திரிக்கும் நேரே தூங்கும் இடத்தின் உயரம் எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.