கலாய்: பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சுக்குச் சரியான தமிழ் எது?

கலாய் (பெயர்ச்சொல்): பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஏற்றும் வெள்ளீயப் பூச்சு. பூசுகிறவர் கலாய்க்காரர். நண்பர்களைக் கலாய்ப்பது பற்றி இங்கே பேச்சில்லை.

சிங்கப்பூரில் தீபாவளி, பொங்கலை ஒட்டி சமூக மன்றத்திலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ பாட்லக் வைக்கும்போதுதான் இந்தச் சொல்லுக்குத் தேவை வருகிறது. ஸ்டோர் ரூமில் கிடக்கும் பாட்டி காலத்துப் பித்தளைத் தவலையை இறக்கி, அதிலேயே சாம்பார் சாதம் செய்து கொண்டுபோனால் என்ன என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் புளி விடுமுன் தவலையின் உள்ளே பார்க்க வேண்டும். வெள்ளி மங்கியதுபோல் வெள்ளையாக இருந்தால் கலாய் இருக்கிறது. மஞ்சள் தெரிந்தால் தேய்ந்துவிட்டது, அதில் புளி சேரக் கூடாது.

(பாட்லக்கைச் சிலர் 'கூட்டாஞ்சோறு' என்று எழுதுகிறார்கள். அது அரிசி ஒருவர், பருப்பு ஒருவர், காய் ஒருவர் என்று கொண்டுவந்து ஒரே பானையில் பொங்குவது. அவரவர் வீட்டில் சமைத்து எடுத்துவருவதற்குப் 'பங்கு விருந்து' பொருந்தும். பாட்லக் என்றே சொன்னாலும் குடிமுழுகிப் போகாது.)

சொல் வந்த வழி

உருதுவிலிருந்து தமிழுக்கு வந்த சொல் இது. உருது அதை அரபியிலிருந்து எடுத்தது. அரபியில் 'கல்ஈ' என்றால் வெள்ளீயம். அந்தப் பெயர் ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். அரபு வணிகர்கள் 'கலா' என்று அழைத்த துறைமுகம் அது. 9ஆம் நூற்றாண்டில் எழுதிய புவியியலாளர் இப்னு குர்தாத்பே அங்கே வெள்ளீயச் சுரங்கம் இருப்பதைக் குறிப்பிடுகிறார். அது மலாய்த் தீபகற்பத்தின் மேலைக் கரையில் இருந்தது. இன்றைய மலேசியாவின் கெடாதான் அது என்பவர்கள் பலர், வேறு இடம் காட்டுபவர்களும் உண்டு. கெடா என்று கொண்டால், 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் அதுதான். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரும் வெள்ளீயத்தைக் 'கலாயிம்' என்றே சொன்னார்கள்.

ஆக, வடக்கிலிருந்து வந்ததாக நாம் நினைக்கும் சொல்லுக்கு வேர் சிங்கப்பூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பொருளும் இந்தப் பக்கத்துப் பொருள்தான். 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1890இல் சிங்கப்பூரின் புலாவ் பிரானி தீவில் உருக்காலை அமைத்து, மலாயாவின் வெள்ளீயத்தை உருக்கி உலகச் சந்தைக்கு அனுப்பியது. புக்கித் தீமாவில் உள்ள 'தீமா'வுக்கும் மலாயில் வெள்ளீயம் என்றுதான் பொருள். ஆனால் அந்தக் குன்றின் பெயர் ஒரு மரத்தின் பெயரிலிருந்து திரிந்தது என்ற கருத்தும் உண்டு.

ஈயம் என்றால் எந்த ஈயம்?

கலாய் பூசுவதற்குத் தமிழில் 'ஈயம் பூசுதல்' என்ற தொடர் ஏற்கெனவே இருக்கிறது. சினிமா நகைச்சுவை புண்ணியத்தில் அதை அறியாதவர் இல்லை. சிக்கல் 'ஈயம்' என்ற சொல்லில்தான்.

பழைய வழக்கில் ஈயம் இரண்டு உலோகங்களுக்கும் பொது. வெளுத்தது வெள்ளீயம், கறுத்தது காரீயம். மலாயிலும் இதே கதைதான்: தீமா பூத்தே வெள்ளீயம், தீமா ஈத்தாம் காரீயம். முதலாவதைப் பாத்திரத்தில் பூசலாம், ரசச் சொம்பாகவும் வார்க்கலாம். இரண்டாவது உடலில் சேர்ந்துகொண்டே போகும் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இன்று செய்திகளில் 'ஈய நச்சு', 'ஈயம் கலந்த சாயம்' என்று வருவதெல்லாம் காரீயம்தான். அதைப் படித்துவிட்டு ஈயச் சொம்பைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு, 'ஈயம்தானே' என்று காரீயம் கலந்த மலிவுச் சொம்பை வாங்கியவர்களும் உண்டு. போதாக்குறைக்கு அலுமினியச் சட்டியையும் 'ஈயச் சட்டி' என்பது பேச்சு வழக்கு. 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவரிடம் பலர் போட்டது அலுமினியத்தைத்தான்.

தகரம் என்ற சொல் வெள்ளீயத்துக்கும் உண்டு. ஆனால் இன்று அதைக் கேட்டால் டப்பாவும் கூரையும்தான் நினைவுக்கு வரும். முலாம் தங்கம், வெள்ளிக்கு வழங்குவது, அதுவும் அரபியிலிருந்து வந்ததே. ஆகவே வினைக்கு 'ஈயம் பூசு' போதும். பெயராக எழுதும்போதும் கடையில் கேட்கும்போதும் 'வெள்ளீயப் பூச்சு' என்று முழுசாகச் சொல்வதே நல்லது. இது தனித்தமிழ்ப் பிடிவாதம் இல்லை. அந்த 'வெள்' என்ற முன்னொட்டு இல்லாவிட்டால் எந்த உலோகம் என்பதே தெரியாமல் போகிறது.

பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சையாகப் படிவதற்குக் 'களிம்பு' என்று பெயர். மருந்துக் கடையில் வாங்கும் களிம்பை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். செம்போடு ஒட்டிப் பிறந்த களிம்புபோல உயிரோடு ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையில் வருவது இந்தக் களிம்புதான். புளி, தக்காளி, மோர், எலுமிச்சை ஆகியவற்றின் அமிலம் பித்தளையிலுள்ள செம்பைக் கரைக்கிறது. அது சாப்பாட்டில் இறங்கினால் வாய் கசக்கும், குமட்டும், வாந்தி வரும்.

பூசும் முறை

பாத்திரத்தை அமிலமும் மணலும் கொண்டு தேய்த்து மஞ்சள் பளிச்சிடும்வரை சுத்தம் செய்வார்கள். பிறகு துருத்தி ஊதும் கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் (அமோனியம் குளோரைடு) தூவுவார்கள். குப்பென்று வெண்புகை எழும். சூட்டில் நவச்சாரம் பிரிந்து, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அரித்து எடுக்கிறது. இந்த வேலை சரியாக நடக்காத இடத்தில் வெள்ளீயம் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்கும். அந்தச் சூட்டிலேயே வெள்ளீயக் குச்சியை உள்ளே தேய்த்தால் உருகி ஓடும், பஞ்சால் வேகமாக வழித்துப் பரப்பிக் குளிர்ந்த நீரில் முக்குவார்கள். சூடு மிஞ்சினால் பூச்சு பழுப்பேறும், குறைந்தால் கட்டி தட்டும். வெண்புகை தொண்டையையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் முயன்று பார்க்கும் வேலை இல்லை. தேக்கா பாத்திரக் கடைகளில் விசாரிக்கலாம். ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்ப் பூசி வருபவர்களும் இருக்கிறார்கள்.

பூசக் கொடுக்குமுன் குச்சியைப் பார்க்க வேண்டும். தூய வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் கறகறவென்று சத்தம் கேட்கும், காரீயத்தில் அந்தச் சத்தம் வராது. வெள்ளைத் தாளில் இழுத்தால் கறுப்புக் கோடு விழுகிறது என்றால் காரீயத்தைச் சந்தேகிக்கலாம், விழவில்லை என்பதற்காக நம்பிவிட முடியாது. இன்னொன்று: பழைய தவலையில் ஓட்டை அடைத்த இடம் இருக்கிறதா என்று அடியையும் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே வைத்த பற்றாசில் (சால்டர்) காரீயம் கலந்திருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.

தவலையில் சாம்பார் சாதம்

பத்துப் பதார்த்தங்களில் ஒன்றாகப் போகும்போது 12 பேருக்கு இந்த அளவு போதும்: பச்சரிசி 500 கிராம், துவரம்பருப்பு 300 கிராம், காய்கள் 750 கிராம், புளி 60 கிராம், சாம்பார்ப் பொடி 5 மேசைக்கரண்டி, தண்ணீர் மொத்தம் 4 லிட்டர். தவலை 8 லிட்டராவது கொள்ள வேண்டும். இண்டக்ஷன் அடுப்பில் பித்தளை சூடேறாது, அது காந்தத்தில் ஒட்டாத உலோகம். கேஸ் அடுப்புதான் சரி.

வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், பூச்சுக்கு ஆபத்தில்லை. ஆகவே தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். 3 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்த பருப்பை மஞ்சளோடு போட்டு மசியும்வரை வேகவிடவும். புளியை முதலிலேயே விட்டால் பருப்பு எவ்வளவு நேரமானாலும் குழையாது, காயும் விறைத்தே நிற்கும். பருப்பு மசிந்தபின் அரிசி, அது முக்கால் வெந்ததும் காய், காய் வெந்ததும் மீதி ஒரு லிட்டரில் கரைத்த புளி, பொடி, உப்பு. இந்தக் கட்டத்திலிருந்து தீ சிறியதாகவே இருக்கட்டும், அகப்பை அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். சாதம் இறுகி அடிப்பிடித்தால் அந்த இடத்தில் தண்ணீர் இல்லை, சூடு தாறுமாறாக ஏறும், பூச்சு உருகி மணிமணியாகத் திரளும். கரண்டி மரமாகவோ சிரட்டையாகவோ இருக்கட்டும். எவர்சில்வர் கரண்டி பூச்சைச் சுரண்டிவிடும்.

தாளிப்பைத் தவலையில் செய்யவே கூடாது. காயும் எண்ணெய் 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். 100 மில்லி நல்லெண்ணெயும் நெய்யும் கலந்து, கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலையை இரும்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டவும்.

இறக்கும்போது ரசத்தைவிடச் சற்றுக் கெட்டியாக, ஓடும் பதத்தில் இருக்க வேண்டும், ஆறினால் தானே இறுகும். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோனால் அங்கே இளக்கிக்கொள்ளலாம். சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது நம் ஊர் வெக்கைக்கு நல்லது. மிச்சத்தை உடனே எவர்சில்வருக்கு மாற்றவும். பூச்சு இருந்தாலும் புளிச் சாதத்தை இரவு முழுக்கத் தவலையில் வைப்பது பூச்சைப் புளிக்குத் தின்னக் கொடுப்பதுதான்.

கழுவும்போது புளியும் சாம்பலும் வெளிப்புறத்துக்கு மட்டும். உள்ளே வெதுவெதுப்பான நீர், மெல்லிய பஞ்சு. ஒட்டியதை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், கம்பி நார் கூடாது. ஒரு டாலர் நாணயம் அளவுக்கு மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. அதுவரை அந்தத் தவலையில் அரிசியோ பருப்போ போட்டு மூடி வைக்கலாம்.