"ஃபேனை டைரக்ட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்கு

கார் எலெக்ட்ரிக்கல் வேலைக்கு வருகிறவர்களில் சிலர், வண்டியை நிறுத்தும்போதே வைத்தியத்தையும் சொல்லிவிடுவார்கள். "ரேடியேட்டர் ஃபேன் ஓட மாட்டேங்குது. உள்ளே ஒரு சுவிட்ச் வெச்சு டைரக்ட் பண்ணிக் கொடுத்துடுங்க." அதாவது, ஃபேனைப் பேட்டரியோடு நேராக இணைத்து, ஓட்டுகிறவர் கையால் போடும்படி செய்வது. வேலை சின்னதுதான். ஆனாலும் நான் உடனே வயரை எடுப்பதில்லை. காரணம், அப்படி டைரக்ட் செய்த வண்டிகள் எந்தக் கோலத்தில் திரும்பி வருகின்றன என்று பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். வேறெங்கோ சுவிட்ச் போட்ட வண்டி. "சுவிட்சை அணைச்சாலும் ஃபேன் நிக்கலை" என்பதுதான் புகார். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் சுவிட்சின் பிளாஸ்டிக் உருகி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய வயர் உள்ளே வந்து, சுவிட்ச் வழியாகத் திரும்பி ஃபேனுக்குப் போகிறது. ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் புஷ் இல்லாமல் வயரை இழுத்திருக்கிறார்கள். தகட்டின் விளிம்பு பட்டு இன்சுலேஷன் பாதி அறுந்திருந்தது. செம்பு தகட்டைத் தொட இன்னும் ஒரு மயிரிழைதான் பாக்கி. ஃபியூஸ் இல்லாத வயர் பாடியைத் தொட்டால் பேட்டரியின் முழுக் கரண்டும் அதில்தான் பாயும்.

சுவிட்ச் ஏன் உருகியது? சாதாரணக் கார் ஃபேன் ஓடும்போதே 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. சின்ன சுவிட்சுக்குள் இருக்கும் தொடுமுனை ஒவ்வொரு முறையும் பொறி விட்டுக் கருகும். கருகினால் அங்கே ரெசிஸ்டன்ஸ் ஏறும். வெறும் 0.1 ஓம் ஏறினால் போதும், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் சூடு. நாங்கள் பற்றவைக்கிற சின்ன சாலிடரிங் அயர்ன் 25 வாட். அதை டேஷ்போர்டுக்குள் சொருகி வைத்துக்கொண்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

அதனால் நடுவில் ரிலே கட்டாயம் வேண்டும். சின்னக் கரண்டில் காயில் காந்தமாகி, கனமான கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே; அதன் முனைகளில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். கனமான கரண்ட் பேட்டரி, ஃபியூஸ், ரிலேயின் 30, 87, ஃபேன் என்று இன்ஜின் பக்கத்திலேயே முடிந்துவிட வேண்டும். உள்ளே வருவது 85, 86 என்ற காயில் முனைகளுக்கான சன்ன வயர் மட்டும். காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான், எந்தச் சின்ன சுவிட்சும் தாங்கும். நான் பொதுவாக 4 சதுர மில்லிமீட்டர் வயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் போடுவேன். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது வயரைத்தான், மோட்டாரை அல்ல. ஃபேன் பக்கத்தில் வைத்தால் அதற்கு முன்னால் உள்ள வயருக்கு யார் காவல்?

சரி, மேலே சொன்ன வண்டிக்கு வருவோம். உருகிய சுவிட்சைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்ச் இருக்கும், கூலன்ட் சூடானதும் ஃபேனைத் தானாகப் போடுவது அதுதான். அதன் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றி, டேப் சுற்றி ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அதாவது ஃபேன் இனி தானாக ஓடவே ஓடாது. ஓட்டுகிறவர்தான் நினைவு வைத்துப் போட வேண்டும். வண்டிக்காரருக்கு நினைவு இருந்தது. அவருடைய மகன் ஒருநாள் வண்டியை எடுத்துப் போனபோது சுவிட்ச் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நெரிசலில் நின்ற வண்டி கொதித்து, இன்ஜினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போனது. இதை அவர் சொன்னது நான் எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான்.

கையால் போடும் சுவிட்சுக்கு ஃபேனை ஓட வைக்கும் அதிகாரம் மட்டும்தான் இருக்க வேண்டும், நிறுத்தும் அதிகாரம் கூடாது. தெர்மோ சுவிட்ச் ரிலே காயிலுக்கு எர்த் கொடுக்கிற வண்டியாக இருந்தால் இது சுலபம். அதே எர்த் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, நம் சுவிட்ச் வழியாக பாடிக்கு. இரண்டில் எது ஆன் ஆனாலும் ஃபேன் ஓடும். ஆனால் பழைய சில வண்டிகளில் ரிலேயே கிடையாது, மோட்டாரின் முழுக் கரண்டும் தெர்மோ சுவிட்ச் வழியாகத்தான் போகும். அங்கே இதே கிளையை எடுத்தால் மறுபடி உருகிய சுவிட்ச் கதைதான்.

காயிலுக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக சப்ளை வருகிற வண்டியில், சாவியை எடுத்த பிறகும் நம் சுவிட்சால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். 45 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி, 15 ஆம்பியர் இழுத்தால் 3 மணி நேரத்தில் காலி. அப்படியானால் தனியாக இன்னொரு ரிலே வைத்து, அதன் காயிலுக்கு சாவி போட்டால் மட்டும் வரும் லைனைக் கொடுக்கிறேன். கூடவே சுவிட்சில் ஒரு சின்ன விளக்கு.

இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் நான் இந்த வேலையைத் தொடுவதே இல்லை. அங்கே ஃபேனுக்குப் பின்னால் இருப்பது ரிலே அல்ல, கன்ட்ரோல் மாட்யூல். அதன் வெளிப்பக்கத்தில் 12 வோல்ட்டைத் திணித்தால் மாட்யூலே போய்விடலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் பாதிப் பேருக்குச் சுவிட்சே தேவைப்படாது. முதலில் ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு தெர்மோ சுவிட்ச் அல்லது சென்சார் பக்கம். சாவியைப் போட்டு தெர்மோ சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்தால் ஃபேன் ஓடுகிறதா? அப்படியென்றால் மாற்ற வேண்டியது அந்தச் சின்னப் பொருளைத்தான். அப்புறம் எர்த் போல்ட். துரு பிடித்த எர்த் போல்ட்டுக்காக மோட்டாரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: சூடான இன்ஜினில் சாவி இல்லாமலும் ஃபேன் சட்டென்று சுழலும். கப்ளரைக் கழற்றாமல் இறக்கை பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

ஃபேன் ஓடியும் வண்டி கொதித்தால் சுவிட்ச் ஒன்றும் செய்யாது. இன்ஜின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டால் கூலன்ட் ரேடியேட்டருக்கே வராது, காற்று எதைக் குளிர வைக்கும்? கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். கொதிக்கிற வண்டியிலும் டெம்பரேச்சர் முள் கீழே இறங்கிக் காட்டும். அதை நம்பி ஓட்டியவர்கள் உண்டு.

அந்த வண்டியில் முதல் கோளாறு என்ன தெரியுமா? ஃபேன் கப்ளருக்குள் பச்சை பூத்து ஒரு பின் கறுத்திருந்தது. புதிய கப்ளர் போட்டு, தெர்மோ சுவிட்சை மறுபடி இணைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு இருவரும் காத்திருந்தோம். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுழன்றது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. இன்னொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். டேஷ்போர்டில் இருந்த ஓட்டையை என்ன செய்வது என்று கேட்டார். ஒரு ரப்பர் மூடி போட்டு அனுப்பினேன்.