ஃபார்மகாலஜி: மருந்தியலும் அதன் இரட்டைக் கிளைகளும்

ஃபார்மகாலஜிக்குத் தமிழ் மருந்தியல். இதில் சண்டை எதுவும் இல்லை, நிலைத்துவிட்ட சொல்தான். செவிலியம், மருந்தாக்கம், மருத்துவம் என எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் மாணவர்கள் தடுக்கி விழுவது இதற்குக் கீழே வரும் இரண்டு சொற்களில்: ஃபார்மகோகைனெடிக்ஸ், ஃபார்மகோடைனமிக்ஸ். அவற்றுக்குப் போகுமுன் தாய்ச்சொல்லைப் பார்த்துவிடலாம்.

கிரேக்கத்தில் ஃபார்மகான் என்றால் மருந்து. நஞ்சும் அதுவே, வசியப் பொருளும் அதுவே. ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில் மாயக்காரி கிர்க்கி மாலுமிகளைப் பன்றிகளாக்கக் கலந்து கொடுப்பது ஃபார்மகான். அது பலிக்காமல் இருக்கக் காவிய நாயகன் ஒடிசியஸுக்கு ஹெர்மிஸ் என்ற கடவுள் பறித்துக் கொடுக்கும் மூலிகைக்கும் அதே பெயர்தான். ஒரே சொல் எப்படி இத்தனையைத் தாங்கும் என்று தமிழர் வியக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்குக் கொடுப்பது மருந்து, பயிருக்கு அடிப்பது பூச்சிமருந்து, பீரங்கிக்குள் திணிப்பது வெடிமருந்து, ஆளை மயக்கச் சோற்றில் வைப்பதாகச் சொல்லப்படுவது இடுமருந்து. இந்தப் பக்கம் வந்தால், குறளில் வரும் 'சாவா மருந்து' அமிழ்தம். ஔடதம் என்ற சொல்லுக்கு இந்த அகலம் கிடையாது. அது நோய் தீர்ப்பதோடு நின்றுவிடும். உடலை மாற்றக்கூடிய பொருள் எதுவானாலும், நல்லதோ கெட்டதோ, ஆராயும் துறைக்கு மருந்து என்ற வேர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பின்பாதியான 'லாஜி', லோகோஸ் என்பதிலிருந்து வருவது: பேச்சு, காரணம், ஆய்வு. நம் 'இயல்' தன்மையைக் குறிப்பது. தொல்காப்பியத்தில் புணரியல், வினையியல் என்று நூலின் உட்பிரிவுகளுக்குப் பெயராக நின்றது, இக்காலத்தில் துறைகளுக்குப் பெயராகிவிட்டது. சரி, அது போதும்.

சொல் பழையது, துறை புதிது. சாமுவேல் டேல் என்ற ஆங்கிலேயர் 1693-லேயே 'ஃபார்மகாலஜியா' என்று லத்தீனில் ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். ஆனால் அது மருந்துச் சரக்குகளைப் பற்றிய கையேடு. அந்த வகைக்கு மட்டீரியா மெடிகா என்று பெயர். சித்த மருத்துவத்தில் குணபாடம் என்ற பாடம் இருக்கிறதே, ஏறத்தாழ அதுதான்: எந்தச் சரக்கு, என்ன சுவை, என்ன குணம், எந்த நோய்க்கு. 'ஏன் வேலை செய்கிறது?' என்பதைச் சோதனைக்கூடத்தில் வைத்துக் கேட்ட தனித்துறை 19-ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. 1847-ல் டோர்பாட் பல்கலைக்கழகத்துக்கு (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) வந்த ருடால்ஃப் புக்ஹைம், தன் வீட்டின் நிலவறையிலேயே சோதனைக்கூடம் அமைத்தார். அவருடைய மாணவர் ஆஸ்வால்ட் ஷ்மீடபெர்க் பின்னர் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு தலைமுறை மருந்தியலாளர்களையே உருவாக்கினார். ஆகவே மருந்தியல் என்றால் மருந்துகளின் பட்டியல் அல்ல. பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வெழுதுகிறவர்கள் 1847-க்கு முந்தைய பாடத்தைப் படிக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி அந்த இரட்டையர். கினேசிஸ் என்றால் அசைவு, டைனமிஸ் என்றால் வல்லமை. முதலாவது, உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது: உறிஞ்சுவது, பரப்புவது, சிதைத்து மாற்றுவது, வெளியேற்றுவது. இரண்டாவது, மருந்து உடலை என்ன செய்கிறது என்பது: எந்த ஏற்பியில் (செல்லில் மருந்து பற்றிக்கொள்ளும் இடம்) அமர்கிறது, எந்த நொதியைத் தடுக்கிறது, அதனால் என்ன நடக்கிறது. தமிழில் இரண்டுக்குமே 'இயக்கவியல்' என்று போட இடமிருப்பதுதான் வம்பு. இயற்பியலில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வேதியியல்காரர்கள் கைனெடிக்ஸை வேகவியல் என்கிறார்கள். இங்கே வேகம் மட்டும் பேச்சில்லை, மருந்து எங்கே போகிறது என்பதும் உண்டு. என்னைக் கேட்டால் முதலாவதை மருந்து நகர்வியல் என்றும், இரண்டாவதை மருந்து விளைவியல் என்றும் சொல்வேன். காதில் விழுந்ததும் எது எது என்று பிரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு போதும், வார்ஃபரின். 1948-ல் எலிக்கொல்லியாக வந்தது, 1954-ல் மனிதருக்கு இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஃபார்மகானுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். விழுங்கினால் குடல் கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிவிடுகிறது. இரத்தத்தில் பெரும்பகுதி அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது, கல்லீரல் நொதிகள் சிதைக்கின்றன, அரை ஆயுள் (இரத்தத்தில் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 40 மணி நேரம். இதெல்லாம் நகர்வியல். சில மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும் மருந்தின் முழுப் பலன் தெரிய மட்டும் ஏன் நாள்கணக்கில் ஆகிறது? அதற்கு விடை விளைவியலில் இருக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான உறைதல் காரணிகளில் சிலவற்றை உருவாக்க உடலுக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் மறுசுழற்சியைத் தடுப்பதால், வேலை செய்யக்கூடிய புதிய காரணிகள் உருவாவது குறைகிறது. ஏற்கெனவே இரத்தத்தில் இருப்பவற்றை அது தொடுவதில்லை, அவை தாமாகத் தீர வேண்டும். அவற்றில் ஒன்றான புரோத்ராம்பினின் அரை ஆயுளே சுமார் 60 மணி நேரம். இன்று அளவைக் கூட்டிவிட்டு நாளைக் காலைப் பரிசோதனையில் மாற்றம் தேடக்கூடாது என்பது இதனால்தான்.

மருந்துகளுக்குள் வரும் மோதலையும் இப்படியே பிரிக்கலாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கொடுத்தால், அது வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் வார்ஃபரின் அளவை ஏற்றிவிடுகிறது. இது நகர்வியல் மோதல். வழக்கமான குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் வார்ஃபரின் அளவு பெரிதாக மாறுவதில்லை, ஆனால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் சேர்ந்து முடங்குவதால் இரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது. இது விளைவியல் மோதல். 'இரத்தத்தில் மருந்தின் அளவு மாறியதா?' என்று ஒரு கேள்வி கேட்டாலே பெரும்பாலும் விடை வந்துவிடும்.

கடைசியாக, ஃபார்மசியை இதோடு குழப்ப வேண்டாம். மருந்தைத் தயாரித்து, காத்து, சரியாக வழங்கும் துறை அது. மருந்தாக்கவியல் என்பது பொருத்தமான பெயர். இடம் மருந்தகம், ஆள் மருந்தாளுநர். மருந்தியலாளர் என்பவர் வேறு ஆள். மருந்து வாங்கப் போகும் இடத்தில் அவரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார்.