டைம் அவுட்: இடைவேளை இல்லை, நேர நிறுத்தம்

அமெரிக்கக் கால்பந்தைத் தமிழில் விளக்கும் காணொளி ஒன்றில் நேற்றும் கேட்டேன்: "கடைசி நிமிஷத்துல கோச் இடைவேளை கேட்கிறார்." டைம் அவுட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த சித்தப்பா, "அப்ப காபி போட்டுரலாமா?" என்று எழுந்தே விட்டார். அவர்மேல் தப்பில்லை. இடைவேளை என்றால் எழுந்து போகலாம் என்றுதான் அர்த்தம். ஆட்டத்தின் பாதியில் விடுகிறார்களே, அதுதான் இடைவேளை.

டைம் என்றால் நேரம், அவுட் என்றால் வெளியே. ஆட்டக் கணக்கில் சேராமல் வெளியே வைத்த நேரம். சொல்லின் பிறப்பு அவ்வளவுதான். (கிரிக்கெட்டில் 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் ஏஞ்சலோ மேத்யூஸ் தாமதத்தால் ஆட்டமிழந்தாரே, அந்த 'அவுட்' வேறு.)

'கால அவகாசம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவகாசம் என்றால் கூடுதலாகக் கொடுக்கும் நேரம். கடன் கட்ட அவகாசம் கேட்கிறோம். டைம் அவுட் ஒரு வினாடியைக்கூடக் கூட்டிக் கொடுப்பதில்லை. இருப்பது கரையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே.

'ஆட்ட நிறுத்தம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதுதான் ஆளை அதிகம் ஏமாற்றும். இந்த விளையாட்டில் ஓடுகிறவரைக் களத்துக்குள் மடக்கிய உடனே ஆட்டம் தானாக நின்றுவிடும். வீரர்கள் எழுந்து, கூடிப் பேசி, மறுபடி வரிசையில் நிற்பார்கள். ஆட்டம் நின்றிருக்கும்; கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் டைம் அவுட். நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் வீசுவார், கடிகாரம் நிற்கும். ஆகவே 'நேர நிறுத்தம்'. போர் நிறுத்தம், வேலை நிறுத்தம் என்று பழகிய நாக்குக்கு இது சிரமமே இல்லை.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு 2015 சூப்பர் பவுலை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தை, பாருங்கள். பேட்ரியட்ஸ் 28, சீஹாக்ஸ் 24. பந்தோடு தாண்டினால் புள்ளி தரும் கோட்டுக்கு ஒரு கஜத்தில் சீஹாக்ஸ் நிற்கிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சம். பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் கையில் இரண்டு நேர நிறுத்தங்கள். எதிரணி புள்ளி எடுத்துவிட்டால் பதிலடிக்கு நேரம் வேண்டும், நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. கடிகாரம் 26 வினாடிக்கு இறங்கியது. சீஹாக்ஸின் அடுத்த வீச்சை பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் நடுவில் பறித்தார். "பெலிச்சிக் இடைவேளை கேட்கவில்லை" என்று எழுதினால் இந்தப் பதற்றத்தில் என்ன மிஞ்சும்?

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ஆட்டத்தில் ஒரு பாதிக்கு ஓர் அணிக்கு மூன்றே நிறுத்தங்கள். மிச்சம் வைத்தால் அடுத்த பாதிக்கு வராது. இவற்றைக் கணக்காகச் செலவழிப்பதை 'நேர மேலாண்மை' என்று மொழிபெயர்க்கிறார்கள். அகராதியை மட்டும் பார்த்து ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் செய்யும் வேலை இது. சுயமுன்னேற்ற வகுப்பின் தலைப்பு மாதிரி இருக்கிறது. முன்னிலையில் இருக்கும் அணி செய்வதற்கு நம்மிடம் தெருவிலேயே சொல் கிடக்கிறது: நேரத்தைக் கடத்துவது. இரண்டு நிமிடம் மிச்சம், எதிரணியிடம் நிறுத்தம் ஒன்றுமில்லை என்றால், பந்தை வாங்கி மூன்று முறை முட்டி போட்டாலே போதும்; முட்டி தரையில் பட்டதும் அந்த முயற்சி முடிந்துவிடும், கடிகாரம் மட்டும் ஓடும். முறைக்கு சுமார் 40 வினாடி கரையும். எதிரணியிடம் மூன்றும் இருந்தால் ஒவ்வொரு முட்டிக்கும் ஒன்றாக நிறுத்தி, முன்னிலை அணி நான்காவது முயற்சியில் பந்தை உதைத்துக் கொடுக்க, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே பந்தைத் திரும்ப வாங்கிவிடும்.

சித்தப்பாவுக்கு இப்படித்தான் சொன்னேன். காபியை மறந்து, "இன்னும் எத்தனை நிறுத்தம் இருக்கு?" என்று கேட்டார்.